இரண்டு கண்டென்சர்கள்

ஜனவரி 9

தம்பிக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். உன்னை நலம் விசாரிக்கத்தான் பேனாவை எடுத்தேன் என்று பூசி மெழுக மாட்டேன். எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும். அதைச் செய்ய உன்னை விட்டால் ஆள் இல்லை.

இந்தக் கடிதம் கிடைக்கிற சமயத்தில் ஒரு மரப்பெட்டியும் வந்து சேரும். உள்ளே என் ரேடியோ ட்யூனர். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து முள்ளைத் திருப்பி என்னிடம் குட்டு வாங்குவாயே, அதேதான். பழைய போர்வை இரண்டைச் சுற்றி அனுப்பியிருக்கிறேன். போர்வைகளை மறக்காமல் திருப்பி அனுப்பச் சொன்னாள் உன் அண்ணி.

குறை இதுதான். ஒரு வருடமாக ஒலி மங்கிக்கொண்டே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இசை அரங்கிலிருந்து நேரடியாக ஒலிபரப்புவார்களே, அதில் வயலின்காரர்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறையில் வாசிக்கிறார்கள். சிம்பல் தாளத்தட்டின் சத்தமே கிடையாது. அதைத் தட்டுகிறவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களோ என்று முதலில் நினைத்தேன். செய்தி வாசிக்கிற அம்மாள் பாதி எழுத்தை முழுங்குகிறாள்.

இங்கே உள்ள மெக்கானிக்கிடம் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் காட்டினேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறான். பாட்டுக் கேட்க என்னிடம் வேறு எதுவும் கிடையாது, ரேடியோ ஒன்றுதான். ஆக, மிச்சம் ட்யூனர். உள்ளே இருக்கிற திருகுகளைத் திருப்பிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நானும் உள்ளே கை வைக்கவில்லை.

போன் பண்ணாதே. இப்போதெல்லாம் போனில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். எழுது.

அண்ணன்


ஜனவரி 27

அண்ணனுக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் என் மனைவி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நம் வீட்டில் யாராவது செத்தால்தான் கடிதம் வரும் என்று அவளுக்கு ஆகிவிட்டது. அம்மா போனபோது அதுகூட வரவில்லை, தந்திமாதிரி ஒரு வரி போனில் வந்தது.

என் ரயில் இரண்டு மணி நேரம்தான் தாமதம். அதற்குள் அம்மாவை எடுத்துவிட்டீர்கள். நான் வந்தபோது வாசலைக் கழுவி விட்டிருந்தது. ஈரத்தில் செருப்போடு நின்றேன். அதை இப்போது எழுதக் கூடாது என்று மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன், நான்காவதிலும் வந்துவிட்டது. இருக்கட்டும்.

ட்யூனருக்கு வருகிறேன். நாலு நாள் என் ரிப்பேர் கடை மேசையில் வைத்துப் பார்த்தேன். முள்ளை இழுக்கிற நூல் இற்றுப் போயிருந்தது, புதிது கட்டினேன். டயலுக்குப் பின்னால் எரிகிற பல்பு இரண்டை மாற்றினேன். வழித்து எடுத்த தூசியே ஒரு கைப்பிடி தேறும். பிறகு சோதனை ஒலி அனுப்புகிற சிக்னல் ஜெனரேட்டரை வைத்து அடி ஒலியிலிருந்து உச்ச ஒலி வரை அளந்தேன். கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது. இத்தனை வயதான ட்யூனர் இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. உள்ளே இருக்கும் திருகுகளில் கம்பெனிக்காரன் வைத்த மெழுகு முத்திரைகூட உடையவில்லை.

அப்படியிருக்க, நீங்கள் சொல்கிற மங்கல் எதனால் என்று எனக்குப் பிடிபடவில்லை. வேறு எங்காவது இருக்குமோ என்று நினைக்கிறேன். வீட்டில் இன்னொருவரை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லிப் பாருங்கள்.

போர்வைகளைத் துவைத்து அனுப்பியிருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 8

தம்பிக்கு,

பல்பு மாற்றினாயாம், நூல் கட்டினாயாம். நான் என்ன டயலை வேடிக்கை பார்க்கவா அனுப்பினேன்? அதே மங்கல், அதே மூடின கதவு. நாலு நாள் மேசையில் வைத்திருந்து தூசி வழித்ததுதான் மிச்சம்.

இன்னொருவரை உட்கார வைத்துக் கேட்கச் சொன்னாய். கேட்டேன். அதுதான் வினையாகிவிட்டது. உன் அண்ணியும் அவள் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாத்தானே கேக்குது" என்று ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? அன்றிலிருந்து அவள் காது டாக்டரிடம் போ, போ என்று பிடுங்கி எடுக்கிறாள்.

என் மச்சானை உனக்கு நினைவிருக்கும். கல்யாணத்தில் நாற்காலி உடைந்து விழுந்தானே, அந்தக் குண்டன். இப்போது ஐம்பது வயது. பதினெட்டு வருடமாகக் காகித ஆலையில் என்னோடு பாய்லர் ரூமில்தான் இருக்கிறான். "மாமா, ரேடியோவை மாத்துறதைவிட காதை மாத்துறது ஈஸி" என்கிறான். வீட்டில் சொன்னதோடு விட்டானா, ஷிஃப்ட் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

நீ ஆலைக்கு வந்ததில்லை, அதனால் சொல்கிறேன். அங்கே எனக்குப் பெயர் பாம்புக்காது. மேனேஜர்கூட என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாய்லரிலிருந்து போகிற நீராவி இருக்கிறதே, அந்தச் சூட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகப் புகைகிறதே, அது ஆறிப்போன ஆவி. குழாய் மூட்டில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் காற்று மாதிரி நிற்கும், குறுக்கே கையைக் கொண்டுபோனால் கை இருக்காது. அதனால் சந்தேகம் வந்தால் நீளக் கழியில் துணி கட்டி முன்னால் நீட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். துணி கிழிந்தால் ஓட்டை அங்கே. ஆனால் என் ஷிஃப்டில் கழியை எடுப்பதில்லை. நான் போய் நின்று காது கொடுப்பேன். அந்தச் சீறல் எனக்குக் கேட்டுவிடும். நான் "ஒண்ணுமில்ல" என்றால் ஆட்கள் கையை வீசிக்கொண்டு உள்ளே போவார்கள். முப்பத்தொரு வருடத்தில் ஒருவனுக்கு ஒரு கொப்புளம் வந்ததில்லை.

மார்ச்சில் ஆலையில் மருத்துவப் பரிசோதனை. காதில் மெஷினை மாட்டி ஏதோ செய்வார்களாம், இந்த வருடம் புதிது. தவறினால் பாய்லர் ரூமிலிருந்து தூக்கி வாசலில் லாரி எண்ணச் சொல்வார்கள். ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. பாம்புக்காது வாசலில் லாரி எண்ணுகிறான் என்று மச்சான் சொல்லிச் சிரிப்பதைக் கேட்பதைவிட நான் அந்தப் பாய்லருக்குள்ளேயே இறங்கிவிடுவேன்.

ட்யூனரை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். ஒழுங்காகப் பார். முடியாது என்றால் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடு. நீ ஒருவன்தான் நேராகச் சொல்வாய் என்று அனுப்புகிறேன்.

அம்மா விஷயத்தைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

குறை கிடைத்துவிட்டது.

முதல் தடவை நான் தவறவிட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஒலிபரப்புகிறவர்கள் உச்ச ஒலிகளை வேண்டுமென்றே ஏற்றி அனுப்புவார்கள், இரைச்சல் தெரியாமல் இருப்பதற்காக. ட்யூனருக்குள் இரண்டு கண்டென்சர்கள், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று, அந்த ஏற்றத்தை இறக்கிச் சமப்படுத்தும். உங்கள் ட்யூனரில் அந்த இரண்டும் வயதாகி, இறக்க வேண்டியதைவிட அதிகமாக இறக்கிக்கொண்டிருந்தன. அதனால்தான் வயலினும் சிம்பலும் உங்களுக்கு வந்து சேரவில்லை. இரண்டையும் மாற்றிவிட்டேன்.

போட்டுக் கேளுங்கள். மூடின கதவு திறந்திருக்கும்.

உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை. அண்ணியிடமும் அப்படியே சொல்லுங்கள். வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள்.

இரண்டு தடவை பெட்டி வந்துவிட்டுப் போனதில் பழைய ஞாபகமெல்லாம் கிளம்பிவிட்டது. முள்ளைத் திருப்பியதற்குக் குட்டுவீர்கள், பிறகு நீங்களே என் கையைப் பிடித்துத் திருப்பக் கற்றுக்கொடுப்பீர்கள், ஸ்டேஷனைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும் என்பீர்கள். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அதனால்தான். இதை உங்களிடம் சொன்னதில்லை.

ட்யூனர் எப்படி இருக்கிறது என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

அட, நீ கெட்டிக்காரன்தான்! ஞாயிற்றுக்கிழமை காலை போட்டேன். சிம்பல்காரனை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். வயலின் வில்லை இழுக்கிற உரசல் கூடக் கேட்டது. செய்தி அம்மாளுக்குப் பல் முளைத்துவிட்டது. இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னால் சிரிப்பாய், வந்தது.

மச்சானைக் கூப்பிட்டு உட்கார வைத்து உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். "உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை" என்கிற வரியை இரண்டு தடவை வாசித்தேன். கொஞ்ச நேரம் ரேடியோ கேட்டுவிட்டு, "கூச்சலா இருக்கு மாமா, பல்லு கூசுது" என்றான். தோற்றவன் அப்படித்தான் பேசுவான். பிறகு இரண்டு கையையும் தூக்கி, "சரி, பாம்புக்காது பாம்புக்காதுதான், இனிமே வாயைத் திறக்க மாட்டேன்" என்றான். நாலு பேர் சாப்பாட்டை ஒருவனாகச் சாப்பிட்டுவிட்டுப் போனான். உன் அண்ணி மட்டும் ரேடியோவைக் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டுப் போனாள்.

பரிசோதனையும் முடிந்தது. மெஷின் வேலை செய்யவில்லையாம், அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். எனக்கு எதுக்கு, என் தம்பி கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறான் என்று கடிதத்தைக் காட்டினேன். டாக்டர் முப்பத்தொரு வருடமாக என்னைப் பார்க்கிறவர். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அம்மா விஷயம். அன்றைக்கு உறவுக்காரர்கள் எல்லோரும் நேரமாகிறது, நேரமாகிறது என்று என்னை நெருக்கினார்கள். நான் மூத்தவன், காத்திருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. உன்மேல் ஏதோ கோபம், என்ன கோபம் என்றுகூட இப்போது ஞாபகமில்லை. தப்பு என்னுடையதுதான். ஆறு வருடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒருதரம் வா. உன் மனைவியையும் அழைத்துக்கொண்டு வா.

அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நானும் என் மனைவியும் மாற்றி மாற்றிப் படித்தோம். அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் கடையை அடைத்துவிட்டு வந்துவிட்டேன், அன்றைக்கு வேலை ஓடவில்லை.

ஏப்ரல் கடைசியில் வருகிறோம். இவளுக்குப் பள்ளிக்கூடத்தில் தேர்வுத்தாள் திருத்துகிற வேலை இருக்கிறது, முடிந்ததும் கிளம்பிவிடுவோம். அண்ணிக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. அந்த மெஷின் சரியானதும் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமே. உங்களுக்கு என்று சொல்லவில்லை, உங்கள் வயதில் எல்லோரும் செய்துகொள்கிறார்கள். நான்கூடப் போன வருடம் செய்துகொண்டேன். அதுபோல ஷிஃப்டில் அந்தக் கழியை எடுத்துக்கொண்டே போனால் என்ன? ஆட்களுக்குப் பழக்கம் விட்டுப் போகாமல் இருக்கும். சும்மா தோன்றியது, எழுதினேன்.

இங்கே மழை. கூரை ஒழுகுகிறது, ட்யூனர்களை எல்லாம் கட்டில்மேல் அடுக்கிவிட்டு நாங்கள் தரையில் படுக்கிறோம்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

மச்சான் போய்விட்டான். ஏழாம் தேதி மத்தியானம் ஆவியில் அடிபட்டான், பத்தாம் தேதி காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். நேற்றே எடுத்துவிட்டோம்.

மத்தியான ஷிஃப்ட். காகித மெஷினுக்கு ஆவி அழுத்தம் போதவில்லை என்று போன் வந்தது. இரண்டாம் பாய்லருக்குப் பின்னால் சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு ஆள் போகிற சந்து இருக்கிறது. ஓட்டை அங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும். நான் போய்ச் சந்து முனையில் நின்று காது கொடுத்தேன். மச்சான் எனக்குப் பின்னால் நின்றான். "என்ன மாமா, போலாமா?" என்று கேட்டான். நான் "ஒண்ணுமில்ல, போ" என்றேன். கழி சுவரில் சாத்தியிருந்தது. எடுக்காமல் என்னைத் தாண்டிக்கொண்டு போனான். அஞ்சு அடிகூட இருக்காது.

கத்தினான். அது எனக்குக் கேட்டது.

உன் அண்ணி என்னோடு பேசுவதில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் தம்பியின் கால்மாட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவன் உடம்பில் வேறு எங்கேயும் தொடுவதற்கு இடமில்லை.

அடுத்த மாதம் விசாரணை. வெளியிலிருந்து மூன்று அதிகாரிகள் வருகிறார்கள். உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நான் நின்றபோது அங்கே சத்தம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். அவன் உள்ளே போன பிறகுதான் மூட்டு விட்டிருக்க வேண்டும். என் காது நன்றாக இருக்கிறது என்று நீ ஏற்கெனவே எழுதியிருக்கிறாய். அதையே அதிகாரிகளுக்கு விவரமாக எழுதி, உன் கடையின் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என்ன கருவியில் அளந்தாய், என்ன குறை இருந்தது, மாற்றினதும் எனக்கு எல்லாம் கேட்டது, இவ்வளவு போதும். டாக்டரும் தன் பங்குக்கு எழுதுகிறார்.

இப்போது வராதே. எழுதி அனுப்பு.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணா,

ஒரு வாரமாக எழுதிக் கிழிக்கிறேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

நீங்கள் கேட்டதை நான் எழுத முடியாது. உங்கள் ட்யூனரில் எந்தக் குறையும் இருக்கவில்லை. முதல் தடவை நான் எழுதியதுதான் உண்மை. அந்த இரண்டு கண்டென்சர்களும் நன்றாக இருந்தன. நான் அவற்றைக் கழற்றிவிட்டு, வேண்டுமென்றே பாதி அளவில் இரண்டைப் போட்டேன். உச்ச ஒலி இறங்க வேண்டிய அளவு இறங்காது, ஏறியபடியே வரும். நல்ல காது உள்ளவனுக்கு அது கூச்சல். உங்கள் மச்சான் பல் கூசுகிறது என்று சொன்னாரே, அவர் சொன்னதுதான் சரி. உங்களுக்கு அது தெளிவாகக் கேட்டது என்றால், அண்ணா, உங்கள் காதில் அவ்வளவு போயிருக்கிறது.

எனக்கு ஜனவரியிலேயே தெரியும். போன் வேண்டாம் என்று எழுதினீர்களே, அப்போதே சந்தேகம். அளந்து பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. இவள் சொன்னாள், "நேரா எழுதிடுங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்" என்று. நான்தான் கேட்கவில்லை. ஆறு வருடம் கழித்து அண்ணன் கடிதம் போட்டிருக்கிறார், நீ செவிடு என்று பதில் போடவா என்று அவளிடம் கத்தினேன். நீங்கள் என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. வா என்று கூப்பிட வேண்டும் என்று இருந்தது. இரண்டும் கிடைத்தது.

கழி விஷயத்தை நீங்கள் பிப்ரவரியிலேயே விவரமாக எழுதியிருந்தீர்கள். நான் தெரியாமல் செய்யவில்லை. அந்தக் கடிதம் என் மேசையில் விரித்தபடி இருக்கும்போதுதான் சால்டரிங் வைத்தேன். பாய்லர் ரூம் எனக்கு ஒரு படம் மாதிரி தூரத்தில் இருந்தது. நம் இரண்டு பேர் மட்டும்தான் பக்கத்தில் இருந்தோம். பிறகு பயம் வந்தது, அதனால்தான் மார்ச்சில் மெஷினைப் பற்றியும் கழியைப் பற்றியும் மழுப்பி மழுப்பி எழுதினேன். சும்மா தோன்றியது என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். அந்த வரியை நினைத்தால் என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இப்போது உங்கள் காது நன்றாக இருக்கிறது என்று முத்திரை வைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். உங்கள்மேல் தப்பில்லை என்று ஆகும். கழியை எடுக்காமல் போனது அவர் தப்பு என்று எழுதி முடித்துவிடுவார்கள். செத்தவர்மேல் அதையும் தூக்கிப் போட என்னால் முடியாது. உங்களாலும் முடியாது என்று நினைக்கிறேன். நீங்கள் தெரியாமல் கேட்டீர்கள், தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

என் பெயரை அதிகாரிகளிடம் சொல்லுங்கள். வரச் சொன்னால் வந்து நிற்கிறேன். உங்களை ஏமாற்றினவன் நான், அதை நானே சொல்கிறேன். அண்ணியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

தம்பி


மே 14

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. விசாரணை முடியட்டும் என்று இருந்தேன். முடிந்துவிட்டது.

நீ என்னை ஏமாற்றவில்லை.

இரண்டாம் தடவை ட்யூனர் திரும்பி வந்த அன்றைக்கே மூடியைத் திறந்தேன். உன் வேலையைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். சர்க்யூட் படம் என்னிடம் இருக்கிறது, வாங்கும்போது கூடவே கொடுத்தது. உன் சால்டரிங் சுத்தமாக இருந்தது. படத்தில் அச்சடித்திருந்த அளவுக்குப் பாதியைப் போட்டிருந்தாய். எனக்கு அந்த அளவுக்குப் படிக்கத் தெரியும். முழங்காலில் உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. பிறகு மூடியைப் போட்டு நாலு திருகையும் முடுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

தெரிந்துதான் மச்சானை உட்கார வைத்து உன் கடிதத்தை வாசித்தேன். தெரிந்துதான் டாக்டரிடம் நீட்டினேன். ஒரு நாலு நாள் போனதும், உண்மையிலேயே எனக்குக் கேட்கிறது என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். நம்பவில்லை என்றாலும் வாசலுக்கு லாரி எண்ணப் போயிருக்க மாட்டேன். அதை யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஏழாம் தேதி சந்து முனையில் நின்றேனே, அப்போது எனக்கு என்ன கேட்டது தெரியுமா? பாய்லரின் உறுமல் மட்டும்தான். அதற்குமேல் எனக்கு ஒன்றரை வருடமாக எதுவும் கேட்பதில்லை. ஒவ்வொரு தடவையும் குழாய்களைக் கண்ணால் பார்த்து, குத்துமதிப்பாக "ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லாமல் போயிற்று. கழியை எடு என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகச் சொல்லவில்லை.

உன்னிடம் கையெழுத்துக் கேட்டபோதும் எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன் என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதைப் படிக்க முடியவில்லை. நீ எழுதித் தந்திருந்தால் கொடுத்திருப்பேன். மச்சான் தலையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பேன். நீ எழுதிய கடிதத்தைப் படித்த பிறகு அது முடியவில்லை. நீ எனக்குச் செய்த நல்லது அது ஒன்றுதான், அதற்காக உன்மேல் இரண்டு நாள் ஆத்திரமாக இருந்தேன்.

அதிகாரிகளிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ட்யூனரைப் பற்றிச் சொன்னபோது ஒருவருக்கும் புரியவில்லை, எழுதிக்கொள்ளவும் இல்லை. மெஷினில் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும் என்றார்கள். அந்த அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள், எனக்குத் தெரிந்தது. என் விரல் தூங்கிக்கொண்டிருந்தது. வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வழக்கு வருமா வராதா என்று பிறகு சொல்வார்களாம். மச்சான் கழி எடுக்காதது ஷிஃப்ட் தலைவனான என் பேச்சை நம்பித்தான் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறது. அது வரைக்கும் சரியாக நடந்தது.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை உன் அண்ணி கையில் கொடுத்தேன். படித்து முடித்ததும், எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதையும் சொன்னேன். கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டாள். நீ வருவதாக இருந்தால் என்னைக் கேட்காதே, அவளுக்கு எழுதிக் கேள்.

மொத்தம் முப்பது நாள் பேசாமல் இருந்தாள். நாலு நாளாகப் பேசுகிறாள். ஆனால் குரலை இறக்கிப் பேசுகிறாள், அதுவும் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு. எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிகிறது. தோள் அசைவதை வைத்துப் பேசுகிறாள் என்று தெரிந்துகொள்கிறேன். சாப்பிடக் கூப்பிடுகிறாளா, தம்பியைக் கொன்றவனே என்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. "என்ன சொன்னே?" என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை? ஒவ்வொரு வேளையும் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருகிறேன். சில வேளை பரிமாறுகிறாள். சில வேளை அடுப்பை அணைத்துவிட்டு, என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

அண்ணன்